‘செஸ் ஹூ?’ என்று கேட்ட அக்கா

மலேசியாவின் சுங்கை பினாங்கில் சிறுவயதில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடியின் படிக்கட்டில், மழை நாளென்றால் ஈரச் சிமெண்டும் யார் வீட்டிலோ பொரியும் நெத்திலியும் கலந்து ஒரு வாடை அடிக்கும். சில நாட்களாக அந்த வாடை என் மூக்கை விட்டுப் போகவில்லை, ஏனென்றால் சில நாட்களாக நான் என் அக்கா ஜெசிந்தாவிடம் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன்.

கான்வென்டில் படித்த அக்காதான் ‘செஸ் ஹூ?’ என்ற ஆங்கிலச் சொல்லை எங்கள் மாடிக்குக் கொண்டுவந்தாள். யார் சொன்னது என்று பொருள். ஆனால் கேட்பவருக்கு ஆள் பெயர் வேண்டியதில்லை. நிரூபி, இல்லையென்றால் வாயை மூடு என்பதுதான் அதன் உள்ளர்த்தம். அதையே தமிழில் கேட்டால் சண்டைக்குப் போவதுபோல் இருக்கும். ஆங்கிலத்திலோ டீச்சரே வந்து நிற்பதுபோல் இருக்கும். அக்கா அதை நேர் அர்த்தத்திலேயே எடுத்துக்கொண்டாள். பேயோ பரீட்சையோ, எவன் எதை ‘அளந்தாலும்’, சொன்ன ஆளைப் படிக்கட்டுக்குக் கூட்டி வந்தாக வேண்டும்.

ஒரு வருடம், பள்ளியில் ஊசி போட்ட பிள்ளைக்குக் கால் விளங்காமல் போய்விட்டதாம் என்று பேச்சு பரவியது. அம்மா எங்களைப் பள்ளிக்கு அனுப்ப மாட்டேன் என்றார். ‘பெரியவங்க சொன்னா எதுத்துக் கேக்கக் கூடாது’ என்பது வீட்டுச் சட்டம். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, அம்மாவிடம் சொன்ன பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் போனாள். அவர் மேல்மாடியைக் காட்ட, மேல்மாடி அதற்கும் மேலே காட்ட, கடைசி மாடியில் இருந்தவரோ கீழே மளிகைக் கடைக்காரரைக் காட்டினார். மூச்சு வாங்க இறங்கிப் போய் அவரிடம் கேட்டோம்.

“ஒங்க அம்மாதான்லா வந்து கேட்டாங்க, ஊசி போட்டா புள்ளைக்குக் கால் கை ஒன்னும் ஆவாதேன்னு” என்றார் அவர்.

அம்மாவின் பயம்தான் மாடி மாடியாக ஏறி இறங்கி, ஒரு நொண்டிப் பிள்ளையையும் சேர்த்துக்கொண்டு அம்மாவிடமே திரும்பியிருந்தது. கேட்டதும் அம்மா கொஞ்சம் அழுதார். ஊசிக்கு முதல் ஆளாகக் கை நீட்டியவள் அக்கா.

அவளுக்கு இப்போது மார்பில் கட்டி. தாமதிக்காமல் அறுக்க வேண்டும் என்கிறார் டாக்டர். அவளோ பத்து காவான் என்ற ஊரில் தன் வீட்டில் உட்கார்ந்து, கைப்பேசியில் எவனோ ஒருவன் சொல்லும் இலைச்சாற்றைக் குடிக்கிறாள். படியேறிப் போய்க் கதவைத் தட்ட அவனுக்கு ஒரு மாடி கிடையாது. இன்னாரிடம் கேட்டேன் என்று கை காட்ட ஒரு பக்கத்து வீடும் கிடையாது. எனக்குப் பைத்தியம் பிடிக்கும்போல் இருக்கிறது. நேற்று வேறு வழியில்லாமல் அவள் சொல்லையே அவளிடம் கேட்டேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன், படவில்லை.

“பொய்யின்னு எனக்கும் தெரியும்லா தம்பி. ஆனா அறுக்க வேணாம்னு வேற யாரும் சொல்லலியே.”

சொல்லிவிட்டு மிச்சச் சாற்றையும் குடித்தாள்.