மச்சம் விட்டவரின் கால் விறைப்பு

நயினாதீவுக்கும் குறிகட்டுவானுக்கும் இடையில் ஓடும் பயணிகள் படகில் கயிறு கட்டுவதும், ஏறி இறங்குபவர்களுக்குக் கை கொடுப்பதும் இராசநாயகத்தின் வேலை. ஆடுகிற படகின் விளிம்பில் ஒரு காலும் இறங்குதுறையில் மறுகாலுமாக நிற்பார். இத்தனை வருடங்களில் அந்தக் கால்களைப் பற்றி அவர் நினைத்ததே கிடையாது.

தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசத் தொடங்கியிருந்த ஒரு நாள், படகிலிருந்து இறங்கிய பெண் ஒருத்தி, "அண்ணை, உங்கட செருப்பு தண்ணியிலை போகுது," என்றாள். அவர் குனிந்து பார்த்தார். இடது கால் வெறுங்காலாக இருந்தது. செருப்புக் கழன்றது அவருக்குத் தெரியவேயில்லை.

வீட்டுக்கு வந்து பாதத்தை அழுத்திப் பார்த்தார். வேறு யாருடைய காலையோ தொடுவது போலிருந்தது. தமையனுக்கும் இப்படித்தான் தொடங்கியது. முதலில் உணர்வில்லாத விறைப்பு, பிறகு ஆறாத புண், கடைசியில் சீனி வருத்தம், சர்க்கரை நோய் என்று காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இராசநாயகம் மனைவி அம்பிகையிடம் ஒன்றும் சொல்லவில்லை. பால் விடாத பிளேன்ரீக்குச் சீனி போடுவதை மட்டும் நிறுத்தினார்.

விறைப்பு இரண்டு கால்களிலும் கணுக்கால்வரை ஏறியது. கைக்குழந்தையோடு யாராவது இறங்க வந்தால், "அந்தப் பக்கத்தாலை இறங்குங்கோ," என்று படகில் கூட வேலை செய்யும் மற்றவனிடம் அனுப்பினார். ஒருநாள் கிணற்றடியில் முகத்துக்குச் சவர்க்காரம் போட்டுக் கண்ணை மூடியவர், கால் தரையில் நிற்பதே தெரியாமல் அப்படியே சரிந்து விழுந்தார். அம்பிகை ஓடிவந்தாள். அதற்குமேல் மறைக்க முடியவில்லை. அடுத்த படகிலேயே அவரை யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

இரத்தப் பரிசோதனை முடிவை டொக்டர் நிலாந்தினி இரண்டு தரம் வாசித்தாள்.

"உங்களுக்குச் சீனி இல்லை. ஆனால் பி12 எண்ட விற்றமின் நல்லாக் குறைஞ்சு போச்சு. மீன், இறைச்சி, மச்சம் ஒண்டும் சாப்பிடுறேல்லையோ?"

"கனகாலத்துக்கு முன்னமே விட்டிட்டன்."

மிச்சத்தை அம்பிகை சொன்னாள். மகள் பிரியவதனி சின்னப் பிள்ளையாக மூளைக்காய்ச்சலில் கிடந்தபோது அம்மனுக்கு வைத்த நேர்த்திக்கடன் அது. பிள்ளை பிழைத்துவிட்டாள். மீன்குழம்பு இல்லாமல் சோறு இறங்காத மனிதர் அன்றோடு மீனையும் முட்டையையும் தொடவில்லை. பால் அவருக்கு எப்போதுமே ஒத்துவராது.

"நான் குறை வைக்கிறேல்லை டொக்டர். முருங்கையிலை, பயறு, குரக்கன், எள்ளு எல்லாம் குடுக்கிறனான்."

"அதாலைதான் இரும்புச்சத்தும் கல்சியமும் நல்லா இருக்கு. உங்கட சமையலிலை பிழை இல்லை. இந்த ஒண்டுதான் மரக்கறியிலை கிடைக்காது. மீன், இறைச்சி, முட்டை, பாலிலைதான் இருக்கு. இப்பிடியே விட்டால் நரம்பு பழுதாப் போயிடும்."

மீன் என்ற சொல்லுக்குப் பிறகு இராசநாயகத்தின் காதில் எதுவும் விழவில்லை. காலா, மகளின் உயிரா என்று யாரோ கேட்பது போலிருந்தது.

"நேத்தியை முறிக்க ஏலாது. கால் போனால் போகட்டும்."

"கால் போனால் எங்களை ஆர் பாக்கிறது?" என்றாள் அம்பிகை, மெல்லிய குரலில்.

"முறிக்கச் சொல்லி நான் சொல்லேல்லை," என்றாள் நிலாந்தினி. "முதல் ஊசி போடுவம். பிறகு குளிசை. ஆனால் விடாமல் எடுக்கவேணும்."

"அந்த ஊசி எதிலை செய்யிறது?"

"நுண்ணுயிரை வளர்த்து எடுக்கிறது. மச்சம் இல்லை."

அவர் அம்பிகையைப் பார்த்தார். பிறகு சேட்டுக் கையை மடித்துவிட்டார். ஊசி போட்டு எழும்பும்போது டொக்டர் கேட்டாள்:

"மகள் என்ன சாப்பிடுறவ?"

புதிய பயம் அங்கே தொடங்கியது. நேர்த்திக் கதை தெரிந்த நாளிலிருந்து பிரியவதனியும் மச்சம் தொடுவதில்லை. எனக்காகத்தானே அப்பா விட்டவர் என்பாள். திரும்பும் படகில் அவரால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. அடுத்த கிழமையே மகளை இரத்தம் சோதிக்கக் கூட்டிப் போனார். முடிவு வரும்வரை அவள் நடக்கும்போதெல்லாம் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளுக்குக் கொஞ்சம்தான் குறைந்திருந்தது. தயிரும் பால்தேத்தண்ணியும் காப்பாற்றியிருந்தன. குளிசை போதும் என்றார்கள்.

அவருடைய கால்களில் எறும்பு ஊர்வது போல ஒரு கடி தொடங்கி, பாடாய்ப் படுத்தி, மாதக்கணக்கில் மெல்லமெல்ல உணர்வு திரும்பியது. இடது சின்னவிரல் மட்டும் இன்னும் விறைத்தபடிதான். அது திரும்புமோ தெரியாது என்று டொக்டர் சொல்லிவிட்டாள்.

காலைச் சாப்பாடு முடிந்ததும் மகள் குளிசையை விழுங்கும்வரை இராசநாயகம் படகுக்குப் போவதில்லை.

"விழுங்கிட்டன் அப்பா. நீங்கள் போங்கோ."

"வாயைத் திற, பாப்பம்," என்பார்.