வெயிலு தின்ன மீட்டரு

அட, சண்டையெல்லாம் இல்லத்தா பேச்சி! நம்ம மாடி ரூம்ல குடியிருக்கே கயலு, காலேஜு ஆராய்ச்சிக்கு வெயில அளக்குற புள்ள — அதுதான் எஸ்டேட் மேனேஜருகிட்டயே நேருக்கு நேரா நின்னு பேசிருச்சு.

எதுக்குன்னு கேளு.

என் மருமக செல்வி மூஞ்சி கருத்து, கண்ணு செவந்து திரியிறாளே... பாத்தேல்ல? ஏலக்காட்டுல நெழல் மரத்தையெல்லாம் கவாத்துன்னு கெளையக் கழிச்சு விட்டுட்டாக. உச்சி வெயிலு நேரா தலையில. "மத்தியானம் மட்டும் நெழலு இருக்க பக்கம் சோலி குடுங்க"ன்னு பொம்பளைக கேட்டதுக்கு மேனேஜரு என்ன சொன்னாரு தெரியுமா?

"கீழ போடி டவுனவிட இங்க மலையில வெயிலு கம்மின்னு அந்தப் புள்ள காட்டுல வச்ச மீட்டரே காட்டுது. குளுகுளுன்னுதான இருக்கு?"

நானும் அப்படித்தான் நெனச்சேன். குளுந்தா வெயிலு கம்மிதான?

"இல்ல ஆத்தா. சூடு வேற, தோல எரிக்கிற கதிரு வேற. மேல போகப் போக அது கூடத்தான் செய்யும். எனக்கு மீட்டரு மேலதான் சந்தேகம்"னுச்சு கயலு.

காட்டுல வச்சிருந்த மீட்டரக் கழட்டி, ஜீப்புல மடியிலயே வச்சுக் கொண்டாந்துச்சு. அதுகிட்ட இன்னொண்ணு இருக்கு — கருப்புத் துணி சுத்தி, பொட்டிக்குள்ள, வெயிலே காட்டாம. ஒத்துப் பாக்க மட்டும்தான் வெளிய எடுக்குமாம். ரெண்டையும் நம்ம மாடியில பக்கத்துல பக்கத்துல வச்சுச்சு. ஒரே வெயிலு. எனக்கு நம்பரு வாசிக்கத் தெரியாது. ஆனா கயலு மூஞ்சியப் பாத்தேன்... காட்டு மீட்டரு கொறச்சுக் காட்டுதுன்னு புரிஞ்சுபோச்சு.

காட்டு மீட்டரு தலையில இருந்த வெள்ள வில்லை மஞ்சப் பூத்துக் கெடந்துச்சு. வெயில அளக்கத்தான் வச்சாக — வெயிலு அதையே தின்னுருச்சு! செல்வி மூஞ்சியத் தின்ன மாதிரி.

இத்தன மாசம் எடுத்த கணக்கெல்லாம் திரும்பப் பாக்கணுமாம். மூடி மறைச்சிருந்தா யாருக்குத் தெரியப்போகுது? ஆனா நேத்து காலையில கயலு, பொம்பளைக வேலைக்குப் போற ஜீப்புலயே ஏறிப் போயி, எல்லாரு முன்னாடியும் சொல்லிருச்சு.

"என் மீட்டரு தப்பு சார். கதிரு இங்கதான் கூட."

"என்னம்மா, அன்னைக்கு ஒரு பேச்சு, இன்னைக்கு ஒரு பேச்சா?"

"ஏலக்கா நிறுக்குற தராசுக்கு முத்திரை வாங்குறீங்கல்ல சார்? இதையும் அப்பப்ப சரிபாக்கணும். நான் லேட்டா பாத்துட்டேன்."

மனுசன் மீட்டரக் கையில வாங்கி அந்த மஞ்ச வில்லையப் பாத்தாராம். அப்பறம் கங்காணியக் கூப்புட்டு, "உச்சிக்கு இவங்கள நெழல் பக்கம் அனுப்புய்யா"ன்னுட்டாரு. ராத்திரி சோறு திங்கையில செல்வி சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறா.

தப்புன்னு தானாப் போயி ஒத்துக்கிட்டு, நிமுந்தும் நிக்குது பாரு... நம்ம வீட்டு ஆம்பளைக எவனுக்காச்சும் வருமா அது?

ஐயய்யோ! அந்த நல்ல மீட்டருப் பொட்டிய என்னைய நம்பி விட்டுட்டுப் போயிருக்கு, சன்னல் வழியா வெயிலு அது மேல ஏறுது பாரு... இருத்தா, சேலையத் தொங்கவிட்டு மறைச்சுட்டு வெரசா வர்றேன் — அதுக்கும் உச்சிக்கு நெழலு வேணும்ல!