அவரோட புத்தகம்

பல்செட் செய்யும் அந்தப் பட்டறையில் அவனை எல்லோரும் மெழுகு என்றுதான் கூப்பிட்டார்கள். டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சில் பிளாஸ்டர் மாவு ஊற்றி ஒருவன் தாடை வார்ப்பான். அவன் பெயர் மாவு. அந்தத் தாடையில் மெழுகு கட்டி, பற்களை நட்டு வரிசை பிடிப்பது இவன் வேலை. வயது நாற்பத்துமூன்று. அக்கா வீட்டு மாடி அறையில் வாசம். பெண் பார்க்கிறேன் பேர்வழி என்று பத்து வருடம் அலைந்த அக்கா, "நீ ஒரு கல்லுளிமங்கன்டா" என்று சொல்லிக் கைகழுவிவிட்டாள்.

பஸ்ஸில் படிக்க ஒரு மாயாஜால நாவல் வைத்திருந்தான். எழுநூறு பக்கத் தலையணை. பனி மலையில் ஒரு கோட்டை, அங்கே ஒரு காவல் தளபதி, அவனிடம் சிறைப்பட்ட எதிரி நாட்டு மந்திரவாதி. தளபதி அவன் முகத்தை நிமிர்ந்து பார்க்கவே தொண்ணூறு பக்கம் ஆனது. பெயரைக் கேட்க இருநூறு தாண்டியது. முந்நூற்று நாற்பதில், குளிரில் விறைத்த கையால் ஒருவன் இன்னொருவனின் போர்வையை இழுத்து மூடினான், அவ்வளவுதான். மெழுகுக்கு அன்று இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விட்டது. தீர்ந்துவிடக் கூடாதென்று நாளுக்குப் பத்துப் பக்கம் என்று அளந்து படித்தான்.

அந்தச் சமயம் பாலிஷ் மெஷினுக்கு ஒரு புது ஆள் வந்தார். இவனைவிட இரண்டு வயது மூத்தவர், அதிகம் பேசாதவர். ஒருநாள் சாப்பாட்டு வேளையில், பெயர் தெரியாமல் அட்டை போட்டிருந்த புத்தகத்தைத் திறந்த பக்கத்தைப் பார்த்தே அடையாளம் கண்டுகொண்டார்.

"ஆறு கடக்கிற இடம் வந்துடுச்சா?"

மெழுகுக்கு வியர்த்துவிட்டது. "நீங்க... படிச்சிருக்கீங்களா?"

"ரெண்டு தடவை."

அதிலிருந்து தினமும் இருவரும் ஒரே பெஞ்சில் சாப்பிட்டார்கள்.

"இன்னும் வாயத் திறக்க மாட்டேங்கிறானே இந்தத் தளபதி! எனக்கே ஒரு அறை விடலாம்போல இருக்கு."

"ஆக்கப் பொறுத்தீங்க, ஆறப் பொறுங்க," என்று சிரிப்பார் பாலிஷ்காரர். முடிவை மட்டும் எவ்வளவு கெஞ்சியும் சொல்லமாட்டார். தன் சிரிப்பு இவ்வளவு சத்தமாக வரும் என்பதே மெழுகுக்கு அந்த வாரங்களில்தான் தெரிந்தது.

அறுநூறாம் பக்கத்தை ஒட்டி வந்தபோது அது நடந்தது. பாலிஷ்காரர் டப்பா கழுவப் போயிருந்தார். மெழுகு ஊறுகாய் வாங்கப் பக்கத்துப் பெஞ்சுக்குத் திரும்பிய இரண்டு நொடியில், மாவு புத்தகத்தை எடுத்துவிட்டான். அடையாளத் தாள் இருந்த இடத்தைப் பிரித்து, மேடைக் குரலில் படித்தான்: "'கழுத்துப் பட்டையை அவிழ்த்த அவன் விரல்கள் நடுங்கின...' டேய், ரெண்டும் ஆம்பளைங்கடா!"

ஏழு பேர் சிரித்தார்கள்.

"யாருடா இதப் படிக்கிறது? டேய் மெழுகு, உன்னுதா?"

"அவரோடது," என்றான் மெழுகு. யோசிக்கக்கூட இல்லை. நாக்கு தானாகவே சொல்லிவிட்டது.

ஈரக் கையோடு வாசலில் நின்ற பாலிஷ்காரர் அவனைப் பார்த்தார். பிறகு வந்து புத்தகத்தை வாங்கிக்கொண்டார். "ஆமா. என்னோடதுதான்."

மறுநாளிலிருந்து அவருக்குப் பெயர் தளபதி. அவர் உட்கார்ந்த பெஞ்சில் யாரும் உட்காரவில்லை, மெழுகும்தான். "நீயும் அவனும் ஒட்டிக்கிட்டுத் திரிஞ்சீங்களேடா?" என்று மாவு கண்ணடித்தபோது, "எனக்கு அப்பவே ஒரு மாதிரி இருந்துச்சு" என்றான் மெழுகு. அது போதவில்லை. "அப்ப உன் கைவேலையக் காட்டு," என்றான் மாவு. கழித்துப்போட்ட மேல்வரிசைப் பல்செட் இரண்டை எடுத்து, இரண்டுக்கும் சிவப்பு மெழுகில் உதடு வைத்து, முத்தமிடுவதுபோல் ஒட்டி, பாலிஷ் மெஷின்மேல் வைத்தான் மெழுகு. பட்டறையே கைதட்டியது. அவனும் தட்டினான்.

பாலிஷ்காரர் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யார் கை என்று அவருக்குத் தெரியாதா?

"உதடு நல்லா வந்திருக்கு," என்றார்.

சனிக்கிழமை வேலையை விட்டுக் கணக்கு முடித்துக்கொண்டு கிளம்பினார் அவர். பஸ் நிறுத்தத்தில் மெழுகு மூச்சிரைக்க ஓடிப்போய் நின்றான். மன்னிப்புக் கேட்கத்தான் ஓடினான் என்று பிற்பாடு தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். ஆனால் வாயில் வந்தது வேறு.

"அந்தப் புக்கு... இன்னும் நூறு பக்கம் பாக்கி இருக்கு."

"எந்தப் புக்கு?" என்றார் அவர். பஸ் வந்தது. ஏறிக்கொண்டார்.

இரண்டு மாதம் தேடி, ஊரின் அந்தக் கோடியில் ஒரு கடையில் இன்னொரு பிரதி வாங்கினான். ஞாயிறு காலை கதவைச் சாத்திக்கொண்டு மிச்சத்தை ஒரே மூச்சில் படித்தான். அறுநூற்று எழுபதாம் பக்கத்தில் தளபதி வாயைத் திறந்தான். அந்த ஒரு வாக்கியத்தை மெழுகு நாலு தரம் படித்தான், அழுதான், மறுபடி படித்தான். தான் செய்த காரியம் புத்தகத்தின் ருசியை ஒரு துளியும் கெடுக்கவில்லை என்பது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. அத்தனை நன்றாக இருந்தது.

கீழேயிருந்து அக்கா சாப்பிடக் கூப்பிட்டாள். முகத்தைக் கழுவிக்கொண்டு இறங்கினான்.

"என்னடா, தனியா சிரிச்சுக்கிட்டு வர்ற?"

"ஒண்ணுமில்லக்கா," என்று தட்டை இழுத்துப் போட்டுக்கொண்டான்.