அத்தை போனுக்கு வராத சம்மதம்

என் கொழுந்தன் இன்னாசி ஆவூர்ல எங்க வீட்டு மாடி ரூம்ல ஒக்காந்துக்கிட்டே பெங்களூர் கம்பெனிக்கு வேல பாக்குறாரு. டீ மட்டும் கீழருந்து போகணும்.

"அப்புடி என்னதான் வேல தம்பி?"ன்னு ஒருநா கேட்டேன்.

"போன் நெட்வொர்க்ல புதுசு புதுசா வசதி போடுவாங்க அண்ணி. தனித்தனியா எல்லாம் சரியா இருக்கும். சேந்தா ஒண்ணு கால ஒண்ணு வாரும். அத முன்னாடியே கண்டுபுடிக்கணும்."

"போன் போட்டுப் பாப்பீங்களா?"

"எத்தன தடவ போட்டுப் பாக்குறது? ஒவ்வொரு வசதியோட விதியையும் கணக்கா எழுதிக் குடுத்துட்டா, ஒரு போன் கால் எந்தெந்த வழியா போகுமோ அத்தனையையும் கம்ப்யூட்டரே பாத்துரும். எங்க முட்டுதுன்னு காட்டிரும்."

எனக்குப் புரிஞ்சது இதான்: கொழம்புல நான் உப்பு போட்டாலும் சரி, அத்தை போட்டாலும் சரி. ரெண்டு பேரும் போட்டா நாய்கூடத் திங்காது. இதக் கண்டுபுடிக்கச் சம்பளம்!

இவருக்குக் கறம்பக்குடியில டீச்சர் பொண்ணு ஜாஸ்பினப் பாத்துட்டு வந்தோம். போன எடத்துலயே மனுசன் வழிஞ்சுட்டாரு. சனிக்கெழமைக்குள்ள அவுங்க சரின்னாத்தான் ஞாயித்துக்கெழம கோயில்ல மொத ஓல, அதான் கல்யாண அறிவிப்பு, வாசிக்கலாம். மூணு ஞாயிறு வாசிச்சாத்தான் கல்யாணம். அந்த ஞாயிற விட்டா மூணும் முடியுறதுக்குள்ள தவக்காலம் வந்துரும்; ஈஸ்டர் வரைக்கும் கோயில்ல கல்யாணம் நடக்காது.

"சம்மதத்த மாப்பிள்ளையோட ஆத்தாகிட்டதான் சொல்லுவேன்"னு பொண்ணோட அப்பா ஆரோக்கியமுத்து, அத்தை நம்பர மட்டும் வாங்கிக்கிட்டாரு.

சனிக்கெழம பூரா போன் அடிக்கல. இன்னாசி ஏறி எறங்கியே மாடிப்படியத் தேச்சுட்டாரு. "நாமளே கேட்டா அலையுறோம்னு நெனப்பாங்க"ன்னு எங்க வீட்டுக்காரரு தடுத்துட்டாரு.

ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சு வந்தா, வாசல்ல ஆரோக்கியமுத்து பைக்க நிறுத்திட்டு நிக்கிறாரு.

"புடிக்கலைன்னா வாயால சொல்லலாம்லங்க? நேத்து முழுக்கப் போடுறேன், உங்க அழைப்ப ஏத்துக்க மாட்டாங்கன்னு ஒரு பொம்பள பேசுறா!"

இன்னாசி மூஞ்சி வெளுத்துருச்சு. அத்தைக்குக் காது மந்தம்னு, அவங்களுக்கு வார போன் கால் எல்லாத்தையும் தன் போனுக்குத் திருப்பிவிட்டது இவருதான். லோன் வேணுமான்னு கேக்குற தொல்லைக்குப் பயந்து, பேரு பதியாத நம்பர் எதுவும் தன் போனுக்கு வராம அடைச்சு வச்சதும் இவருதான். மாமனார் ஆகப்போறவரு நம்பரப் பதியணும்னு மட்டும் தோணல.

கால்ல விழுவாருன்னு பாத்தா, மாடிக்கு ஓடி லேப்டாப்ப எடுத்துட்டு வந்தாரு. ரெண்டு விதியையும் தட்டுனாரு.

"காட்டிருச்சு மாமா! பாருங்க, இங்கதான் முட்டுது!" மூஞ்சி அப்புடியே ஜொலிக்கிது.

"மன்னிச்சுக்கங்கன்னு ஒரு வார்த்த அதுல வருமா மாப்ள?"

மாப்ளன்னு சொல்லிட்டாரு, அதனால பொழச்சோம். ஆனா ஓல போயிருச்சு. கல்யாணம் ஈஸ்டருக்கு அப்பறந்தான்.

இந்தக் கூத்த இன்னாசி, 'வாடிக்கையாளர் ஒருவர் வீட்டில் நடந்தது'ன்னு கம்பெனிக்கு எழுதிப் போட்டு சபாஷ் வேற வாங்கியிருக்காரு. திருப்பிவிட்டது, அடைச்சது ரெண்டையும் எடுத்துட்டேன்னு சத்தியம் பண்றாரு, ஜாஸ்பின் நம்பல. "அவரு நம்பருக்குப் போடவே பயமா இருக்குக்கா"ன்னு எனக்குத்தான் கூப்புடுது.

ஈஸ்டர் வரைக்கும் டீயோட என் போனையும் மாடிக்குத் தூக்கணும்.