அறாத நரம்பு

காளிமுத்துவுக்கு ஓர் இடத்தில் கால் தரிக்காது. ஹேவாஹெட்ட தோட்டத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து, கண்டியில் ஒரு டென்னிஸ் கிளப்பில் மார்க்கராக இருந்தான். ஆடுவதற்குத் துணையில்லாமல் வருகிற அங்கத்தவர்களோடு எதிரே நின்று பந்தடிப்பதுதான் மார்க்கர் வேலை. நாட்சம்பளம். வேலைக்கென்று கடிதமும் இல்லை, அட்டையும் இல்லை.

இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு. பஸ்களில் குண்டு வெடித்துக்கொண்டிருந்த காலம். சோதனைச் சாவடியில் மற்றவர்கள் வேலையிடத்து அட்டையைக் காட்டிவிட்டு நடப்பார்கள். இவனை மட்டும் ஓரமாக நிறுத்தி, எங்கே வேலை, அதற்கு யார் சாட்சி என்று கேட்பார்கள். விசாரித்து முடிவதற்குள் பஸ் போய்விடும். அதனால், குண்டசாலைப் பக்கம் ஒரு ஹோட்டலில் டென்னிஸ் பயிற்சியாளர் தேவை, கடிதமும் படம் ஒட்டிய அட்டையும் தருவார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஆடிக் காட்ட வேண்டும்.

அவனிடம் இருந்தது ஒரே ஒரு ரக்கெட். பந்தைச் சுழற்றிச் சுழற்றி அடிக்கிறவன் என்பதால் நைலோன் நரம்பு நாலு நாளில் அறுந்துவிடும். ஞாயிறன்று நடுவில் அறுந்தால் கும்பிடு போட்டுவிட்டு வீட்டுக்கு வரவேண்டியதுதான்.

திங்கட்கிழமையே தாஸிமிடம் போனான். தாஸிம் அலவத்துகொடக்காரன், இவன் வயதுதான். டவுனில் விளையாட்டுச் சாமான் கடையொன்றில் ரக்கெட்டுக்கு நரம்பு கட்டுகிறவன். வெளிநாட்டுப் பொலியெஸ்டர் நரம்பு பெட்டியில் இருந்தது. விலையைக் கேட்டதும் காளிமுத்து அதைத் திரும்ப வைத்தான். இன்னொன்று, பேர் ஊர் இல்லாத கறுப்புப் பொலியெஸ்டர், பெரிய சுருளாக வந்தது. வேண்டிய நீளத்துக்கு வெட்டித் தருவான். நைலோனை விடக் கொஞ்சம்தான் கூட. காளிமுத்து அதை விரலில் சுற்றி இழுத்துப் பார்த்தான். கம்பி மாதிரி விறைப்பாக இருந்தது. இது அறாது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கு இன்னும் ஆறு நாள் கிடக்கிறதே, சனிக்கிழமை கட்டினால் என்ன என்று தாஸிம் கேட்டான். சனிக்கிழமை பாதை திறந்திருக்கும் என்று யார் கண்டது? அரிசியையும் மண்ணெண்ணெயையும் முன்கூட்டி வாங்கி வைத்துப் பழகிய காலம் அது. நரம்பையும் முன்கூட்டிக் கட்டிவிட்டால் நிம்மதி என்று காளிமுத்து நினைத்தான். நைலோனுக்கு இழுக்கிற அதே ஐம்பத்தெட்டு இறாத்தல் இறுக்கத்துக்கே இழுக்கச் சொன்னான்.

கட்டியதை வைத்துவிட்டுச் சும்மா இருந்தானா? செவ்வாயும் புதனும் வேலை முடிந்ததும் கிளப் சுவரில் அடித்தான். பந்து போய் நினைத்த இடத்தில் விழுந்தது. முழங்கை மட்டும் வலித்தது. தைலம் பூசிக்கொண்டு அடித்தான். வியாழனன்று அங்கத்தவர் ஒருவரோடு ஆடும்போது ஒரு பந்து கோட்டைத் தாண்டியது. வெள்ளியன்று பத்துக்கு நாலு தாண்டியது. பயத்தில் கை தடுமாறுகிறது என்று நினைத்து இன்னும் பலமாக அடித்தான். பந்து வேலிக்கே போனது.

சனி மத்தியானம் கடைக்கு ஓடினான்.

"மச்சான், எனக்கு கை போயிருச்சு. ஒரு பந்தும் உள்ள விழல."

தாஸிம் ரக்கெட்டை வாங்கி உள்ளங்கையால் நரம்பை அமுக்கினான். திங்கட்கிழமை கல் மாதிரி இருந்தது இப்போது தொய்ந்து கொடுத்தது.

"கையில ஒண்டும் இல்ல. இந்த நரம்புதான் மவுத்தாகிட்டு."

"அறுந்து போகலயே, எப்படிச் சாகும்?"

"அறாமலும் மவுத்தாகும் போல. நானும் இண்டைக்குத்தான் பாக்கிறேன். நீ நாலு நாளா அதப் போட்டு அடிச்சா அது என்ன செய்யும், பள்ளியில இருந்து தஸ்பீஹ் ஓதுமா?"

காளிமுத்துவுக்குச் சிரிப்பு வரவில்லை. நைலோன் என்றால் அறும்வரை நல்லது. அதுதான் அவன் அறிந்த கணக்கு. இது அறாமலே தளர்ந்துவிடுகிறது. முன்கூட்டிக் கட்டியதே பிழை என்று அப்போதுதான் விளங்கியது. ஒரு இழைகூடப் பிரியாத நரம்பை வெட்ட மனம் வரவில்லை. கடைக்குள்ளேயே இரண்டு தரம் நடந்தான். பிறகு கத்தரிக்கோலை அவனே எடுத்து நடுவில் வெட்டினான்.

"அதே சுருள்லயே கட்டு. ஆனா ஐம்பத்துமூணுக்கு இழு, புது நரம்புக்கு அது போதும். ரொம்ப இறுக்கித்தான் கையும் வலிச்சிச்சு."

ஞாயிறு காலை திகனைப் பாதையில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். காளிமுத்து விசாரணை முடிந்து வெளியே வரும்போது பஸ் இல்லை. மிச்சத் தூரத்தை ரக்கெட்டோடு ஓடினான்.

ஹோட்டலில் ஆட்டம் பார்க்க வந்தவர் கொழும்புக்காரர். குறுக்கே நாற்பது பந்து அடிக்கச் சொன்னார். முப்பத்துநாலு உள்ளே விழுந்தது. ரக்கெட்டை வாங்கிப் பார்த்து, மலிவான நரம்பாக இருக்கிறதே, எப்போது கட்டியது என்று கேட்டார். நேற்று என்றான் காளிமுத்து. ஏன் நேற்று என்று அவர் கேட்க, நடந்ததை ஒளிக்காமல் சொன்னான். பழக வருகிற பிள்ளைகளின் ரக்கெட்டுக்கும் நீயே கட்டிக் கொடுப்பாயா என்று அடுத்த கேள்வி வந்தது. நரம்பு இழுக்கிற மெஷின் தந்தால் கட்டுவேன் என்றான்.

முதலாம் திகதி வரச் சொன்னார்கள், அட்டைக்கு இரண்டு படத்தோடு. அவன் நேரே டவுனுக்கு வந்து ஒரு ஸ்டூடியோவில் நுழைந்தான். வியர்வை காயாத சட்டையோடு கதிரையில் இருத்தி, அசையாமல் இருக்கச் சொன்னார்கள். அவன் அசைந்ததில் இரண்டு படமும் கலங்கிப் போயின. மூன்றாவது தரம் படக்காரர் வந்து அவன் தோள் இரண்டையும் பிடித்து அழுத்திவிட்டுப் போனார்.