லாரியில் போன வள்ளம்

தேர்தல் வந்துவிட்டால் தூத்துக்குடிச் சுவர்களில் கப்பல்கள் புறப்பட்டுவிடும். ஒரு தலைவர் மாலுமி, இன்னொருவர் கலங்கரை விளக்கம், அவருடைய மகன் நங்கூரம். எங்கள் குடும்பத்தில் அந்தச் சுவர்களை எழுத்துக்கூட்டி வாசித்த முதல் ஆள் நான். வாசித்த அத்தனையையும் நம்பினேன்.

அப்போது சித்தப்பா கட்சியின் கிளைச் செயலாளர். பிரசாரத்துக்கு வரும் தலைவரை நிஜமான வள்ளத்தில் நிறுத்தி ஊர்வலம் விடவேண்டும் என்பது அவருடைய யோசனை. அதற்கு அப்பாவின் மரவள்ளத்தைக் கேட்டார். விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலம் அது. வள்ளக்காரர்களின் மீனுக்கு வருடத்தில் நல்ல விலை கிடைப்பது அப்போதுதான். அப்பா தயங்கினார்.

“அண்ணே, அவரு நம்ம வள்ளத்துல ஏறிட்டாருன்னா தூண்டில் வளைவு வந்துரும். பெறவு கடலு நம்ம வீட்டுக்குள்ள வராது,” என்றார் சித்தப்பா.

கடலரிப்பைத் தடுக்கக் கல் கொட்டிக் கட்டும் அந்தச் சுவருக்காக ஊரே காத்திருந்தது. அலைக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரே ஒரு வீடுதான் மிச்சம். இன்று அந்த வீடும் இல்லை, எங்கள் முன்னறையும் இல்லை.

அப்பா கொடுத்துவிட்டார்.

தலைவரின் வருகை தள்ளிப்போனது. மறுபடியும் தள்ளிப்போனது. லாரியில் ஏற்றிய வள்ளம் மைதானத்து வெயிலில் காய்ந்தது. அப்பா போய் ஈரச்சாக்கை விரித்துவிட்டு வருவார். ஜோடனை கெடுகிறதென்று கட்சிக்காரர்கள் அதைத் தூக்கி எறிவார்கள்.

ஒருவழியாகத் தலைவர் வந்தார். வள்ளத்தைத் திருப்பும் சுக்கான் இருப்பது பின்பக்கம். பின்னால் நின்றால் கூட்டத்துக்கு முகம் தெரியாதே என்று, முன்நுனியில் பொன்வண்ணம் அடித்த சக்கரம் ஒன்றைப் பொருத்தியிருந்தார்கள். அவர் செருப்புக்காலோடு ஏறி அதைப் பிடித்துக்கொண்டார். எங்கள் ஆட்கள் யாரும் வள்ளத்துக்குள் செருப்பை வைக்கமாட்டார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

“ஏலே, அவரு எதைத் திருப்புதாரு?” என்றார் பக்கத்தில் நின்ற மாமா.

“எதைத் திருப்புனா என்ன? லாரிக்காரன் போற எடத்துக்குத்தான வள்ளம் போவும்,” என்றார் இன்னொருவர்.

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஒலிபெருக்கி ‘புயலில் தத்தளிக்கும் நாட்டின் மாலுமி’ என்றபோதெல்லாம் தொண்டை கட்டக் கட்ட வாழ்க போட்டேன். தலைவர் எல்லாரையும் கரை சேர்ப்பதாகச் சொன்னார். தூண்டில் வளைவைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை.

வள்ளத்தைத் திரும்பக் கடலில் இறக்கியதும், காய்ந்து வாய்பிளந்த பலகை இடுக்குகளில் தண்ணீர் ஏறியது. மரம் ஊறி உப்பி இடுக்கு மூடும்வரை கரையோரம் கட்டிப்போட்டு இறைக்க வேண்டும். மற்ற வள்ளங்கள் பாறை மீனும் சீலா மீனுமாகக் கரைக்கு வந்துகொண்டிருந்தன. அப்பாவும் சித்தப்பாவும் வள்ளத்துக்குள் நின்று தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார்கள்.

“ஒன் தலைவருக்கு ஒரு போனப் போடுல. வந்து ரெண்டு வாளி எறைச்சிட்டுப் போவட்டும்,” என்றார் அப்பா. சித்தப்பா குனிந்து அடுத்த வாளியை மொண்டார்.

அந்தச் சக்கரத்தை யாரும் கழற்றிக்கொண்டு போகவில்லை. நான் முன்நுனியில் ஏறி அதைப் பிடித்துக்கொண்டேன்.

“புயல் வருது, யாரும் பயப்படாதீங்க, நான் இருக்கேன்,” என்று தலைவரைப் போலவே கையசைத்தேன்.

அப்பா வாளியோடு நிமிர்ந்தார். இறைப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். முழங்காலுக்குத் தண்ணீர் ஏறும்வரை பார்த்தார்.

நான் நன்றாக ஓட்டுகிறேன் போலும் என்று நினைத்து, சக்கரத்தை இன்னும் வேகமாகச் சுற்றினேன்.