கழிவுப் பட்டியலில் அம்மன்

ஓய்வு பெற நான்கு மாதம் இருந்தபோது, என் அருங்காட்சியகத்தை மூடும் உத்தரவு வந்தது.

சிவகாசிப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தின் கலை அருங்காட்சியகத்துக்கு இருபத்திரண்டு ஆண்டு இயக்குநராக இருந்தேன். இயக்குநர் என்றதும் பெரிய படையை நினைக்க வேண்டாம். நானும் உதவியாளர் முத்துமாரியும்தான். இந்த வட்டாரத்து அச்சகங்கள் காலண்டர் போடுவதற்காக ஓவியர்களை வைத்து வரைந்த மூலப்படங்கள் எங்களிடம் இருந்தன. நூற்று நாற்பத்து மூன்று. பெரும்பாலும் சாமி படங்கள்.

விடைத்தாள் கட்டுகள் வைக்க எங்கள் கூடம் வேண்டுமாம். படங்களைப் பயனற்ற பழைய காகிதம் என்று கழித்துக் காகித ஆலைக்கு அனுப்ப வேண்டுமாம். ஆடி மூன்றாம் வெள்ளியன்று மூவர் குழு வந்து கழிவுப் பட்டியலில் கையெழுத்துப் போடும் என்றார்கள்.

பணி விதிகளில் எனக்குத் தெரியாத பக்கம் கிடையாது. பதினொரு மனு அனுப்பினேன். கடைசியில் என் கையெழுத்தைக் கண்டாலே உறையைப் பிரிக்காமல் ஒதுக்கினார்கள். குழு வருவதற்கு இரண்டு நாள் முன், புதன்கிழமை மத்தியானம் மேசையில் தலை கவிழ்ந்து உட்கார்ந்தேன். அழுதேன். அலுவலகத்தில் அதற்கு முன் அழுததில்லை.

"யார் யாருக்கோ எழுதுனீகளே சார், அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டீகளா?" என்றார் முத்துமாரி.

"எவரிடம்?"

"நல்லாக் கேட்டீக. ஆயுத பூசைக்கு அம்மன் படத்துல குங்குமம் வச்சேன்னு எனக்கு மெமோ குடுத்தீகள்ல, அந்த அம்மன்கிட்டதான்."

மறுநாள் சாயங்காலம் விருதுநகரில் மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். போய்ப் பல வருடம் ஆகியிருந்தது. "தாயே, விதியெல்லாம் தெரியும். வழி தெரியவில்லை. என் கையால் இவற்றை அனுப்ப மாட்டேன். நீ பார்த்துக்கொள்." அவ்வளவுதான் வேண்டினேன். மனம் லேசாகவில்லை. ஆனால் பயம் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை குழு வந்தது. தலைவர் பக்கத்து ஊரான விஸ்வநத்தத்துக்காரர், பல்கலைக்கழகப் பொறியாளர். மற்ற இருவர் பேராசிரியர்கள். வெளிச்சம் பட்டால் வண்ணம் மங்கும் என்று படங்களை வெள்ளைத் துணியால் மூடியிருந்தோம்.

"துணியெல்லாம் எதுக்குய்யா? பட்டியலைக் குடுங்க, போட்டுட்டுக் கிளம்புறோம்," என்றார் பொறியாளர்.

"ஒவ்வொன்றையும் பார்த்த பிறகுதான் கையெழுத்து. விதி அப்படி," என்றேன். தாமதப்படுத்துவது மட்டுமே என் எண்ணம். சத்தியமாக வேறு திட்டம் இல்லை.

முத்துமாரி முதல் துணியை விலக்கினார். மாரியம்மன். மஞ்சள் பட்டு, கையில் வேப்பிலை, நேராகப் பார்க்கும் கண்கள். பொறியாளர் வாசலுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்தார். பேராசிரியர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, குனிந்து ஷூவை அவிழ்த்தார்கள்.

"மூத்தவுக நீங்க, முதல்ல போடுங்க," என்றார் இளைய பேராசிரியர் மற்றவரிடம்.

"ஏன், ஒம்ம பேனாவுல மை இல்லையோ?"

"ஆடி வெள்ளி சார். வீட்டுல விரதம் இருக்கா. தெரிஞ்சா சோறு கிடைக்காது."

இரண்டு பேரும் தலைவரைப் பார்த்தார்கள். "என்னைய ஏன்யா பாக்கீக? இவளை வேண்டாம்னு எழுதிட்டு, பங்குனிப் பொங்கலுக்கு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அவ கோயில்ல போய் நிக்க?" என்றார் அவர்.

மிச்சமிருந்த நூற்று நாற்பத்திரண்டு துணிகளும் விலகின. கடைசியில் பட்டியலின் கீழே பொறியாளரே எழுதினார்: "கழிக்கத் தக்கவை அல்ல. இதே கூடத்தில் பாதுகாக்க வேண்டியவை." மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். விடைத்தாள்களுக்கு வேறு கட்டடம் கிடைத்தது; மூடும் உத்தரவும் ரத்தானது.

மூன்று அதிகாரிகளின் பயம்தானே இது என்று சிலர் சொல்லலாம். முன்பு நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். பதினொரு மனுவில் கலை மதிப்பையும் வரலாற்று மதிப்பையும் விளக்கியவன் நான். அவள் முகத்தைக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. அந்த ஒரு காரியத்தை, நான் அறியாமலே, என் வாயால் அவளே செய்துகொண்டாள்.

மிச்ச நாட்களில் பதிவேட்டைத் திருத்தினேன். எண்ணும் நீள அகலமும் மட்டும் இருந்த இடத்தில் ஒவ்வொரு சாமியின் பெயரையும் எழுதினேன். ஓய்வு பெற்ற பிறகு வெள்ளிதோறும் கோயிலில் நிற்கிறேன், நன்றி சொல்ல மட்டும்.

அன்பர்களே, செய்ய வேண்டியதை ஒன்று விடாமல் செய்யுங்கள். அதன் பிறகும் கதவு திறக்கவில்லை என்றால் அவளிடம் சொல்லுங்கள். எனக்கு அவள் ஆள் அனுப்பவில்லை. தானே வந்து எதிரே நின்றாள். உங்களுக்கும் நிற்பாள்.